மதிலா, வேலியா? யாழ்ப்பாணத்து வளவுக்கு எது பொருந்தும்

யாழ்ப்பாணத்தில் இப்போது வீடு கட்டுகிற பலர், வளவைச் சுற்றி என்ன போடுவது என்று யோசிப்பதே இல்லை. மதில்தான். காசு கொஞ்சம் சேர்ந்தால், அல்லது வெளிநாட்டில் இருக்கிற அண்ணா அனுப்பினால், வீட்டுக்குப் பூச்சு வேலை முடிவதற்கு முன்னரே நாலு பக்கமும் ஆறடி மதில் எழும்பிவிடுகிறது. மதிலே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. ரோட்டுப் பக்கத்துக்கு அது நல்லது, சில வீடுகளுக்குக் கட்டாயமும் கூட. ஆனால் அயல் வீட்டுப் பக்கங்களுக்கு, அதுவும் சின்னப் பிள்ளைகளும் ஒரு துண்டுத் தோட்டமும் இருக்கிற வீடென்றால், கதியால் வேலியை, அதாவது நட்டால் துளிர்க்கிற தடிகளால் கட்டின உயிர்வேலியை, பிடுங்கிவிட்டு மதில் கட்டுவதற்கு முன் தயவுசெய்து இதை ஒருமுறை வாசியுங்கள்.

முதலில் காசு. நாலு பரப்பு வளவை எடுத்துக்கொள்வோம். ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 2,722 சதுர அடி. நாலு பரப்பும் சதுரமாக இருந்தால் சுற்றளவு 420 அடிக்குக் கிட்ட வரும். அதற்கு ஆறடி மதில் என்றால், 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள சீமெந்துக்கல் மட்டும் 2,500க்கு மேல் வேண்டும், அதோடு அத்திவாரம், பத்தடிக்கு ஒரு தூண், மேலே ஒரு கொங்கிறீற் பட்டி, இரண்டு பக்கமும் பூச்சு, பெயின்ட், மேசன் கூலி, மணல் ஏற்றக் கூலி என்று அது போய்க்கொண்டே இருக்கும். கீழே கல்லுப்பாறை மேலோடு கிடக்கிற வலிகாமம் வடக்குப் பக்கத்து வளவுகளில் அத்திவாரம் வெட்டுவதே ஒரு தனிச் செலவு. அதே 420 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒரு கதியால் என்று நட்டால் 280 கதியால் போதும். ஒழுங்கையில் யாராவது வேலி வெட்டும் நேரம் பார்த்துக் கேட்டால் அதில் ஒரு பங்கு சும்மாவே கிடைக்கும்.

ஆனால் கணக்கு இதோடு முடியாது. மதிலுக்கு ஒருமுறை செலவழித்தால் அப்புறம் பல வருடம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. வேலி அப்படியில்லை, வருடத்துக்கு இரண்டு முறையாவது கொப்பு வெட்ட வேண்டும், பட்டுப்போன இடத்துக்குப் புதுக் கதியால் போட வேண்டும், சரிந்ததை நிமிர்த்திக் கட்ட வேண்டும். வேலி வேலைக்கு ஆள் பிடிப்பது இப்போது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும், வந்தாலும் நாள் கூலி கூட. பிள்ளைகள் எல்லோரும் வெளியில், அம்மாவும் அப்பாவும் மட்டும் தனியாக இருக்கிற வீட்டில் அவர்களைக் கத்தியும் கொக்கத்தடியுமாக வேலியோரம் நிற்கவிடுவது சரியில்லை. அப்படியான வீட்டுக்கு மதில்தான் கட்ட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஆனால் மதில் கட்டுகிறவர்கள் கடைசியாக யோசிப்பதும் அதைத்தான். வழுக்கையாற்றை விட்டால் எங்களுக்கு ஆறென்று ஒன்றும் இல்லை, அதுவும் மாரியில் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கினால்தான் சித்திரையில் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடக்கும். மிச்சம் வளவுக்கு வளவு வழிந்து வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகும். வேலிக்கு நடுவால் வெள்ளம் தானாகவே வடியும். மதில் அதை மறித்து, தாழ்வாக இருக்கிறவருடைய முற்றத்திலோ உங்களுடைய கோடிப்புறத்திலோ தேக்கி வைக்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை வந்தபோது யாழ்ப்பாணத்தில் வெள்ளம் எப்படி நின்றது என்று இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர் முட்டி நின்றால் ஆழமில்லாத அத்திவாரத்து மதில் சரியவும் கூடும். ஆகவே மதில் கட்டியே ஆக வேண்டுமென்றால் அடிவரியில் பத்தடிக்கு ஒரு தண்ணீர் ஓட்டை விட்டு, பாம்பு வராமல் இருக்கச் சின்னக்கண் வலை அடியுங்கள். மேசன் மறந்துவிடுவார், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

காற்றும் அப்படித்தான். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தெற்கே, மேற்கே உயரமாக மதில் எழுப்பினால் வீட்டுக்குள் வருகிற காற்று அப்படியே குறைந்துவிடும். பகல் முழுக்கச் சூடேறிய சீமெந்து இரவிலும் அந்த வெக்கையைக் கக்கும். இரண்டு பரப்புக் காணிக்குள் வீட்டையும் கட்டி நாலு பக்கமும் மதிலையும் எழுப்பினவர்கள் ஃபான் போடாமல் ஒரு மத்தியானம் இருந்து பார்த்தால் தெரியும்.

தோட்டம் செய்கிறவர்களுக்கு வேலி தருவதைப் பட்டியல் போட்டால் நீளும். கதியாலாக நடுகிற பூவரசும் கிளிசரிடியாவும் குழைக்குக் குழை, ஆட்டுக்கும் ஆச்சு, தோட்டத்து மண்ணுக்குள் உரமாகத் தாழ்க்கவும் ஆச்சு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் எங்கள் ஆட்கள் காலங்காலமாகப் பூவரசங்குழை தாழ்த்தார்கள், இன்றைக்கு உரம் விற்கிற விலைக்கு அந்தப் பழக்கத்தை வீட்டுத் தோட்டத்திலாவது திரும்பக் கொண்டுவர வேண்டும். வெட்டின தடி விறகாகும், பயற்றங்கொடிக்கு ஊன்றுகோலாகும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேலியில் தானாகப் படர்கிற இலைவகைகள்: முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, மொசுமொசுக்கை, பிரண்டை. இவற்றை யாரும் பாத்தி கட்டி வளர்ப்பதில்லை. குறிஞ்சா வறையும் தூதுவளைச் சம்பலும் சாப்பாட்டில் குறைந்துபோனதற்கு வேலி போனதும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். மூலைக்கு இரண்டு முருங்கைக் கதியால் போட்டால் காயும் இலையும் வீட்டுக்குப் போதும்.

வேலிக்கு எதிராகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பூவரசின் வேர் பாத்திக்குள் வந்து தண்ணீரையும் பசளையையும் இழுக்கும், நிழலில் மிளகாயும் தக்காளியும் காய்க்காது. வேலியிலிருந்து நாலைந்து அடி விட்டுத்தான் பாத்தி போட வேண்டும், சின்னக் காணியில் அது பெரிய இழப்புத்தான். மதிலோரத்தில் வேர்த் தொல்லை இல்லை, ஆனால் வெக்கைக்குக் கீரைகள் வாடும். அங்கே பாகல், அவரை மாதிரிக் கொடிகளைக் கயிறு கட்டி ஏற்றினால் மதிலும் குளிரும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். கதியால் வேலி இருந்த காலத்தில் பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழைகிற ஒரு சின்ன இடைவெளி, இருந்தது. அஞ்சு வயசுப் பிள்ளை தானாகவே அதற்குள்ளால் போய் மாமி வீட்டு முற்றத்தில் விளையாடிவிட்டு, அங்கேயே தேத்தண்ணியும் குடித்துவிட்டு, பொழுதுபட வரும். அம்மாவுக்குக் குரல் கேட்கிற தூரம்தான். மதில் எழும்பியதும் அதே வீட்டுக்குப் போக ரோட்டுக்கு இறங்கிச் சுற்றிப் போக வேண்டும், ரோட்டில் மோட்டார்சைக்கிளும் ஓட்டோவும் பறக்கிறது, யார் தனியாக விடுவார்கள்? அதனால் பிள்ளை வீட்டுக்குள் ஃபோனோடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு விளையாட ஆளில்லை, எந்நேரமும் ஃபோன்தான் என்று கவலைப்படுகிற பெற்றோர் தங்கள் மதிலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏற்கனவே மதில் கட்டிவிட்டீர்களா? அயலோடு பேசி, இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்னப் படலை வையுங்கள், கொண்டி இரண்டு பக்கமும் இருக்கட்டும். செய்தால் இரண்டு வீட்டுக்கும் உதவி.

வீட்டில் பிறந்தநாளோ சாமத்தியவீடோ வைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். முன்பு விசேஷ வீடென்றால் பக்கத்து வேலியில் இரண்டு பாகம் பிரித்துவிடுவார்கள், சமையல் அந்த வளவில், பந்தல் இந்த வளவில், தண்ணீர் இரண்டு கிணற்றிலும். கிடாரமும் கதிரையும் அதற்குள்ளாலேயே வந்து போகும், அடுத்த கிழமை வேலியைத் திரும்பக் கட்டிவிடலாம். இப்போது அம்பது பேருக்கு மேல் என்றாலே மண்டபம் தேடுகிறோம். மண்டபத்துக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, அது சரி, ஆனால் பிள்ளையின் பிறந்தநாளை முற்றத்தில் செய்ய ஆசைப்படுகிறவருக்கு அயல் வளவும் திறந்திருந்தால் இடப் பிரச்சினையே இல்லை.

பாதுகாப்பில் தவழுகிற, நடக்கப் பழகுகிற வயதுக்கு மதில்தான் வெல்கிறது. ஒன்றரை அடி இடைவெளிக் கதியாலுக்கு நடுவால் ஒரு குழந்தை சுலபமாக வெளியே போய்விடும், நாயும் உள்ளே வரும். இதைத் தடுக்க வேலியின் அடியில் மூன்றடி உயரத்துக்கு வலைக்கம்பி அடித்தால் போதும். முள்ளுக்கம்பி வேண்டாம், பந்து எடுக்கப் போகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே இருக்கும். வேலியில் என்ன நடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மஞ்சள் அலரியைப் பூவுக்காகப் பலர் வேலியோரம் வைக்கிறார்கள், அதன் விதை இதயத்தைப் பாதிக்கிற கடும் நஞ்சு, சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது நிற்கவே கூடாது. கிளிசரிடியாவின் விதையும் பட்டையும் கூட நஞ்சுதான், காய் கட்ட முன்னர் கொப்பை வெட்டிவிட்டால் விதைப் பயம் இல்லை. அப்புறம் ஒன்று, மதிலுக்கு இலட்சக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறவர்கள் முதலில் கிணற்றுக் கட்டை உயர்த்தி மேலே வலை போடுங்கள். யாழ்ப்பாணத்து வளவில் சின்னப் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை, கிணறாக உள்ளேயே இருக்கிறது.

கிடுகு வேலியையும் பனையோலை வேலியையும் பற்றியும் கேட்பீர்கள். கிணற்றடி மறைப்புக்கு அதைப்போல ஒன்றில்லை, குளிர்ச்சியும் கூட. தென்மராட்சிப் பக்கம் தென்னை இருப்பதால் இன்னும் கிடுகு எடுக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும், கறையான் அரிக்கும், குப்பை கொளுத்தும்போது தீப்பொறி பட்டால் முழு வேலியும் போய்விடும். வளவு முழுக்க வேண்டாம், கிணற்றடிக்கு மட்டும் அடையுங்கள். தகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கடற்கரைக் காற்றுக்குத் துருப்பிடிக்கும், சோளகத்துக்கு இரவெல்லாம் சத்தம் போடும், விளிம்பு பிள்ளையின் கையைக் கிழிக்கும். தற்காலிகம் என்று போட்டது பத்து வருடம் நிற்கிற வீடுகள் எத்தனையோ. நெடுந்தீவில் சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டின வேலிகளைப் பார்த்திருப்பீர்கள், அந்த இடத்துக்கும் அந்தக் காற்றுக்கும் அதுதான் பொருத்தம், அங்கே வளவு வைத்திருக்கிறவர்கள் அவற்றை இடித்துவிட்டுச் சீமெந்துக்கல் வைக்க வேண்டாம்.

மதில் பக்கம் நிற்கிறவர்கள் சொல்கிற காரணங்களில் எனக்கு மிகவும் விளங்குகிறது எல்லைப் பிரச்சினைதான். கதியால் நகரும். இரவோடு இரவாகத் தள்ளிப் போட்ட கதியாலுக்காகத் தலைமுறையாக வழக்குப் பேசின குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்கள், வேலியும் மரமும் ஒன்றும் மிஞ்சாத வெளியில் தங்கள் காணி எது என்று கிணற்றை வைத்துத் தேடியிருக்கிறார்கள். அதை அனுபவித்தவர் அழியாத ஒரு எல்லை வேண்டும் என்று மதில் கட்டினால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த நிச்சயத்தை உண்மையில் தருவது நில அளவையாளர் அளந்து போட்ட படமும் எல்லைக்கல்லும்தான். பிழையான கோட்டில் கட்டின மதில் கதியால் வேலியைவிடப் பெரிய சண்டையைக் கொண்டுவரும், அதை இடிக்கவும் காசு வேண்டும். எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் அளந்து நாலு மூலைக்கும் கொங்கிறீற் கல் போடுங்கள், அயலவரும் பக்கத்தில் நிற்கட்டும்.

ஆகவே என்னிடம் கேட்டால் நான் சொல்வது இப்படி இருக்கும். ரோட்டுப் பக்கம் மதில், உயரம் நாலரை அடிக்கு மேல் வேண்டாம், உள்ளே யாராவது புகுந்தால் ஒழுங்கையில் போகிறவருக்குத் தெரிய வேண்டும். பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ அனுமதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள், ரோட்டு அகலிப்புக்குள் போய்விட்டால் இடிப்பார்கள். பக்க வேலிகளுக்குப் பத்தடிக்கு ஒரு கொங்கிறீற் தூண், கீழே மூன்றடி வலை, இடையில் கிளுவை அல்லது பூவரசு. உவர்க்காற்று உள்ள கரையோரத்துக்குப் பூவரசு, செம்மண் பக்கத்துக்குக் கிளுவையும் கிளிசரிடியாவும் நன்றாக வரும். தூண் இருப்பதால் எல்லை நகராது, கதியால் பட்டுப்போனாலும் வேலி விழாது.

கதியால் கைமணிக்கட்டு மொத்தத்தில், ஆறேழு அடி நீளத்தில் இருக்கட்டும். அடியைச் சரிவாக வெட்டி, நிழலில் சில நாள் போட்டுப் பால் வற்றவிட்டு, அலவாங்கால் ஒன்றரை அடி குழி போட்டு நடுங்கள், மேல் வெட்டுவாயில் சாணி அப்பிவிட்டால் காயாது. மழை தொடங்குகிற நேரம்தான் நடுகிற நேரம். புரட்டாதி பிறந்த பிறகு கதியால் தேடினால் கிடைக்காது, எல்லோரும் அப்போதுதான் கேட்பார்கள், ஆவணியிலேயே யாருடைய வேலி வெட்டுப்படப் போகிறது என்று விசாரித்துச் சொல்லி வைத்துவிடுங்கள்.