லா திராவியாத்தா: எந்த மேடையேற்றத்தைப் பார்க்கலாம்?

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தியின் 'லா திராவியாத்தா' ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், 1853-ல் வெனிஸில் அரங்கேறியது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இயக்குநர் ரிச்சர்ட் ஐர் 1994-ல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸுக்காக உருவாக்கிய வடிவம் போதும். பழைய பாரிஸ், பட்டு உடைகள், விருந்து மண்டபம் என்று கதை தானாகப் புரியும். இன்றும் அதை மீண்டும் மீண்டும் மேடையேற்றுகிறார்கள்.

ஆனால் என் மனதை உலுக்கியது இயக்குநர் வில்லி டெக்கர் 2005-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் செய்ததுதான். வளைந்த வெற்றுச் சுவர், பெரிய கடிகாரம், நோயால் இறக்கப்போகும் நாயகி வயலெட்டாவாகச் சிவப்பு உடையில் பாடகி அன்னா நெட்ரெப்கோ. கூட்டத்தில் பெண்களும் ஆண்களின் கோட்டு சூட்டில் வந்து வயலெட்டாவைச் சூழ்கிறார்கள். மருத்துவர் கிரென்வில் தொடக்கத்திலிருந்தே மரணத்தின் உருவமாக அங்கே நிற்கிறார். அதனால் விருந்துப் பாட்டின் உற்சாகத்திலேயே அவளுக்கு நேரம் குறைவு என்பது உறைக்கிறது. அலங்காரம் இல்லாததால் குரலும் நடிப்பும் நேராக வந்து தாக்குகின்றன. கதை தெரிந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.