வென்ற பிறகும் அடிப்பதா, கையை அடக்குவதா?

1916 அக்டோபர் 7 அன்று அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) போட்டியில் ஜார்ஜியா டெக் கல்லூரி அணி கம்பர்லேண்ட் கல்லூரி அணியை 222–0 என்று வீழ்த்தியது. பாதி ஆட்டத்திலேயே 126–0 ஆகியிருந்தும் ஜார்ஜியா டெக்கின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் அடங்கவில்லை. வெற்றி உறுதியான பிறகு என்ன செய்வது என்பதில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் இன்றும் இரண்டுபட்டே நிற்கிறது.

ஒரு வழி, முதன்மை வீரர்களையே களத்தில் வைத்துக் கடைசி நிமிடம் வரை நீண்ட பாஸ்களை (சக வீரர் பிடிக்கும்படி பந்தை முன்னோக்கி எறிவதை) வீசிப் புள்ளி குவிப்பது. தரவரிசைக்கு வாக்களிப்போர் பெரிய வித்தியாசத்தை மதிப்பார்கள் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். தேசிய இறுதிப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க முன்பு இருந்த பிசிஎஸ் முறையின் கணினித் தரவரிசைகளிலும் ஒரு காலத்தில் அதற்கு இடமிருந்து, 2002-இல் நீக்கப்பட்டது. ஆனால் ஐம்பது புள்ளி முன்னிலையில், பாஸ் வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் முழங்கால் உடைந்து விழுந்தால், அந்த இழப்பை எந்த வாக்கும் ஈடுகட்டாது.

மற்றொரு வழி, மாற்று வீரர்களை இறக்கிப் பந்தை ஏந்தி ஓடச் செய்வது. பாஸ் பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஓடுபவர் எல்லைக்குள்ளேயே மடக்கப்பட்டால் அது ஓடிக்கொண்டிருக்கும், ஆட்டமும் விரைவில் முடியும். இதுவே முறை என்பது என் உறுதியான எண்ணம். (ஹைஸ்மனின் அணி அன்று ஒரு பாஸ்கூட வீசவில்லை, ஆகவே ஓடுவது மட்டுமே இரக்கமாகிவிடாது.) ஆயினும், வாரம் முழுவதும் பயிற்சி செய்தும் சீருடையில் புல்கறை படாமலே சீசனைக் கழிக்கும் மாற்று வீரரிடம், கிடைத்த பத்து நிமிடத்திலும் வேண்டுமென்றே மெதுவாக ஓடச் சொல்வது அவருக்கும் எதிரணிக்கும் இழைக்கும் அவமதிப்பு. அவர் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து டச் டவுன் எடுத்தால் எடுக்கட்டும். கடைசி நிமிடத்தில் மட்டும் பந்தைப் பெற்றதும் குவார்ட்டர்பேக் ஒரு முழங்காலை ஊன்றிக் கடிகாரத்தை ஓடவிட்டால் போதும்.