இன்ஜின் போன பழைய கார்: பிரித்து வேலை பார்ப்பதா, மாற்றுவதா, விற்றுவிடுவதா?

'இன்ஜின் போயிடுச்சு' என்று மெக்கானிக் சொன்னதும் ஆளுக்கொரு யோசனை வரும். இரும்புக்குப் போட்டுவிடு என்பார் ஒருவர். பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டு என்பார் இன்னொருவர். வந்த விலைக்குத் தள்ளிவிடு என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். நம் வண்டிக்கு எது சரி என்று தெரிய, இன்ஜினில் போனது எது என்று முதலில் தெரிய வேண்டும்.

எங்கள் கார் ஒருமுறை சூடேறி நின்றது. அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்தால் ஒரே உதறல், மேடு ஏறவே மாட்டேன் என்றது. முதலில் பார்த்தவர் ஃபுல் இன்ஜின் வேலை என்றார். மனசு கேட்கவில்லை. இன்னொருவரிடம் கொண்டுபோய் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பார்க்கச் சொன்னேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை மாட்டி இன்ஜினைச் சுற்றவிட்டார். முதல் சிலிண்டரும் நான்காவதும் 160 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அலகு) ஒட்டி நின்றன. நடுவில் இருந்த இரண்டும் 60ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் இப்படிச் சேர்ந்து விழுந்தால், நடுவே ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள சிலிண்டர் பிளாக்குக்கும் இடையே வைக்கும் தகடு, எரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் அதேதான். கேஸ்கட்டில் அந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய பட்டை கருகி, விரல் நகம் அகலத்துக்கு ஆளையே காணோம். ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பார்த்து லேசாகச் சீவி, புது கேஸ்கட்டும் புது போல்ட்டுகளும் போட்டதோடு வேலை முடிந்தது. சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனையோ, அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கையோ யாரும் தொடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கம்ப்ரஷன் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றி மாட்டிய வளையமான ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கோளாறு காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்விலோ கேஸ்கட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு ஸ்பூன் ஆயில்தான் வேலை மேலேயா கீழேயா என்று பிரித்துச் சொல்வது.

மேலே, அதாவது ஹெட்டில்தான் கோளாறு என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது, சரிசெய்துவிட வேண்டியதுதான். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்திருந்தாலும், பிஸ்டன் தப்பியிருந்தால் இதே கணக்குதான். நீலப்புகை வந்தாலே ரிங் போய்விட்டது என்று பயப்படவும் வேண்டாம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது ஒரு தடவை புகை தள்ளிவிட்டு அப்புறம் நின்றுவிட்டால், பெரும்பாலும் அது வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல். சில இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே அதை மாற்றிவிடலாம்.

கீழே கோளாறு என்றால்தான் உண்மையான போட்டி. கிராங்க்கைத் தாங்கும் பேரிங் தட்டுகிறது, ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிறது, சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது என்றால், ஒன்று இன்ஜினை இறக்கி முழுசாகப் பிரிக்க வேண்டும், இல்லை வேறு இன்ஜின் மாட்ட வேண்டும்.

முழுசாகப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். சிலிண்டரை ரீபோர் செய்து, அதாவது உள்பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்க்கைக் கிரைண்ட் செய்து அதற்கேற்ற பேரிங் போடலாம். நன்றாகச் செய்தால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். ஆனால் அந்த 'நன்றாக' எல்லாம் லேத்காரர் கையில்தான் இருக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தவறினாலும் பேரிங் நிலைக்காது. கையில் மைக்ரோமீட்டர் எடுக்காமல், கண்ணால் பார்த்தே கிராங்க் நல்லாயிருக்கு என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நாளும் பிடிக்கும். வேலை முடிந்த பிறகும் முதல் 1,000 கிலோமீட்டர் வரை விரட்டாமல் ஓட்டி, சீக்கிரமே ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும்.

பழைய இன்ஜின் என்றால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் பெரும்பாலும் குறைவு. ஆனால் நாம் வாங்குவது ஒரு மூடிய பெட்டி. விபத்தில் நொறுங்கிய வண்டியில் இன்னும் இருக்கிற, ஓடவிட்டுக் காட்டக்கூடிய இன்ஜினை வாங்குவது வேறு, தரையில் கிடக்கிற இன்ஜினை நம்பி வாங்குவது வேறு. முதலாவதை நான் வாங்குவேன். இரண்டாவதைக் கம்ப்ரஷன் பார்க்காமல் தொடமாட்டேன். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி மாதிரி கொழகொழவென்று ஒட்டினால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. குளிர்ந்த ஊர்களில் குறைந்த தூரமே ஓடிய வண்டியிலும் கொஞ்சம் அப்படி ஒட்டும் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மாட்டுவதற்கு முன்பே, இன்ஜின் வெளியில் இருக்கும்போதே, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் சீல், கிளட்ச் எல்லாம் மாற்றிவிட வேண்டும். அப்புறம் மாற்றலாம் என்றால் கூலி இரட்டிப்பாகும். இன்ஜின் நம்பர் மாறுவதால், பதிவுச் சான்றில் அதைத் திருத்த வேண்டுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது? ஓடவிட்டுக் கேட்ட இன்ஜின் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால், நல்ல லேத் கையில் இருந்தால் முழு வேலை. இரண்டும் இல்லையென்றால் விற்றுவிடலாம்.

வண்டி விலையைவிட வேலைச் செலவு அதிகம், அதனால் விட்டுவிடு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்ஜின் போன வண்டியின் விலையோடு செலவை ஒப்பிட்டு என்ன பயன்? இதற்குப் பதிலாக இன்னொரு வண்டி வாங்க எவ்வளவு ஆகும் என்பதோடு ஒப்பிட வேண்டும். புதிதாக வாங்கும் பழைய வண்டியின் குறைகள் நமக்குத் தெரியாது. நம் வண்டியில் பிரேக் எப்போது மாற்றினோம், கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அதற்கும் ஒரு விலை உண்டு.

ஆனால் பாடி துருப்பிடித்திருந்தால் இந்த வாதமெல்லாம் நிற்காது. கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டிப் பாருங்கள். பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பர் வந்து பொருந்தும் இடத்தையும் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியில் அழுத்தினால் உள்ளே போகிறது என்றால், அந்த வண்டிக்கு எந்த இன்ஜினும் வேண்டாம். புது இன்ஜின் போட்டாலும் விபத்தில் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய கூடு அதில் இல்லை.

விற்பதாக முடிவு செய்தால், வண்டி தன் காலில் நகரும்போதே விற்றுவிடுங்கள். இழுத்துக்கொண்டுபோக வேண்டிய வண்டிக்கு விலை சட்டென்று இறங்கும். கெட்டி ஆயிலும் புகை அடக்கும் திரவமும் ஊற்றி நல்ல வண்டி என்று தலையில் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். வாங்குகிறவர் அதில்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவார். கம்ப்ரஷன் அளவுகளை எழுதிக் கையில் கொடுத்தே விற்கலாம். தானே வேலை தெரிந்தவர்கள் அப்படிப்பட்ட வண்டியைத்தான் தேடுகிறார்கள்.

யாரும் வராவிட்டால்தான் இரும்பு. அங்கேயும் எடைக்கணக்கு மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். சைலன்சர் குழாயோடு வரும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் இருக்கிறது. பேட்டரியில் ஈயம் இருக்கிறது. அலாய் வீல் இருந்தால் அது அலுமினியம். இவற்றுக்குத் தனி விலை கேளுங்கள். பதிவிலிருந்து வண்டியை நீக்கியதற்கான தாள் கைக்கு வரும்வரை விடாமல் கேட்டு வாங்குங்கள். அதுவரை அந்த வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கும்.