பழைய வீடியோ கேம் பெட்டி: டியூபா, எல்சிடியா?

தொண்ணூறுகளில் ஒரு ரூபாய்க் காசு போட்டு, நின்றபடியே ஆடிய வீடியோ கேம் பெட்டி ஒன்று வீட்டு ஹாலில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழையது தேடினால் இரண்டு வகை வருகிறது. பிக்சர் டியூபோடு அப்படியே இருப்பது ஒன்று. டியூபைக் கழற்றிவிட்டு எல்சிடி திரையும், நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அடங்கிய போர்டும் மாட்டியது இன்னொன்று.

ஆடிப் பார்த்தால் டியூப்தான் சுகம். பொத்தானை அமுக்கிய அந்தக் கணமே அடி விழும். மலிவான எல்சிடியில் ஒரு நூல் தாமதம் இருக்கும், சண்டை ஆட்டத்தில் அது நன்றாகவே தெரியும். படமும் கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கும்.

அப்புறம், எங்கள் கடலூர்ப் பக்கத்து உப்புக்காற்றையும் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் ஒரு டியூப் பெட்டியைப் பார்க்கப் போனேன். விற்பவர் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி அணைக்கப் போனார். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்றேன். இருபது நிமிடத்தில் படம் இரண்டு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. குனிந்து அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஈரத்தில் ஊறிய பலகை பொடிப்பொடியாக உதிர்ந்தது. எதை வாங்கினாலும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

போர்டு மாற்றுவது இரண்டிலும் எளிது. போர்டைப் பெட்டியின் வயர்களோடு சேர்க்க, 1985இல் ஜப்பானில் வந்த ஜம்மா என்ற 56 முனை இணைப்புதான் பெரும்பாலான பெட்டிகளில். ஆனால் அதில் ஓர் ஆளுக்கு மூன்று பொத்தான்தான் வழக்கம். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆறு வேண்டும். உதைக்கான மூன்று பொத்தானுக்கும் தனி வயர் வரும். போர்டு மாற்றிய பெட்டியில் அந்த வயர் சும்மா தொங்கலாம். ஆறு பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள்.

எடையில் எல்சிடிக்கே வெற்றி. டியூப் உள்ள பெரிய பெட்டி 100 கிலோவைத் தாண்டும், மாடி வீட்டுக்கு ஏற்றுவது பெரும்பாடு. மின்சாரத்தை அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் பின்கதவைத் திறக்கவே கூடாது. டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் போனால் பொருத்தமானது கிடைப்பதும் கஷ்டம்.

பிள்ளைகள் விளையாட மட்டும் என்றால் எல்சிடி போதும், தயங்காமல் வாங்கலாம். எனக்கு டியூப்தான் வேண்டும். எங்கள் தெருவில் பழைய டிவி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கடையை மூடுவதற்குள் நல்ல பெட்டியாக ஒன்று கிடைத்துவிட வேண்டும்.