ஜிபிஎல்லா, பிஎஸ்டியா? ஒரு சுதந்திரவாதப் பார்வை

அரசின் வற்புறுத்தல் குறையக் குறையத் தனிமனித சுதந்திரம் பெருகும் என்று கருதும் சுதந்திரவாதிகளுள் பலர், பதிப்புரிமையை உடைமையாக ஏற்காமல், அரசு வழங்கும் ஏகபோகம் என்றே மதிப்பிடுகின்றனர். மென்பொருளைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் உரிமங்களான ஜிபிஎல், பிஎஸ்டி ஆகிய இரண்டினுள், அந்த அளவுகோலின்படி, பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்த பிஎஸ்டி உரிமமே முதலில் ஈர்க்கிறது. பதிப்புரிமை அறிவிப்பையும் பொறுப்புத்துறப்பையும் நீக்காதவரை நிரலை எவரும் மாற்றலாம், விற்கலாம், பிறர் படிக்க முடியாதபடி மூடியும் வைக்கலாம். அந்த உரிமத்தில் வெளிவரும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் பகுதிகளை ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டது இவ்வாறே. அதனால் எவருடைய உடைமையும் பறிபோகவில்லை.

சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதி 1989இல் வெளியான ஜிபிஎல், மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்குபவர் மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவமான மூலநிரலையும் அதே உரிமத்தில் தரவேண்டும் என்கிறது. மீறுபவரைத் தடுக்கும் வலிமை பதிப்புரிமைச் சட்டத்திலிருந்தே வருவதால், கொள்கைப் பிடிப்புள்ள சுதந்திரவாதிக்கு இது உறுத்தவே செய்யும். ஆயினும் 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் ஜிபிஎல் உரிமம் பெற்ற லினக்ஸ் இருப்பது தெரியவந்து, மூலநிரல் வெளியிடப்பட்டபின், அதிலிருந்து ரவுட்டர்களுக்கான மாற்று இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி வளர்ந்தது. காசு கொடுத்து வாங்கிய கருவியை வாங்கியவரே தம் விருப்பப்படி இயக்க முடிந்தது. உடைமையுரிமைக்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை. மேலும், பிஎஸ்டி நிரலை மூடி விற்பவரும் அதே பதிப்புரிமையைக் கொண்டுதான் வாங்கியவரின் கையைக் கட்டுகிறார் என்பதை அதன் ஆதரவாளர்கள் எளிதில் கடந்துவிடுகின்றனர்.

பதிப்புரிமைச் சட்டம் நீடிக்கும்வரை, வீட்டுக் கருவிகளுக்குள் செல்லும் நிரலுக்கு, மாற்றியதை நிறுவும் வழியையும் கோருகிற ஜிபிஎல்லின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பையும், எல்லோரும் எடுத்தாள வேண்டிய சிறு நிரலகங்களுக்கு, அதாவது பிற நிரல்களுக்குள் சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளுக்கு, பிஎஸ்டியையும் தேர்வேன்.