வூகானா, சோங்கிங்கா?

இந்த இரண்டு சீன ஊர்களில் எது அதிகம் ஈர்க்கும்? இரண்டுமே யாங்சி ஆற்றங்கரையின் பெருநகரங்கள். இரண்டிலும் இன்னோர் ஆறு வந்து கலக்கிறது: வூகானில் ஹான், சோங்கிங்கில் ஜியாலிங். கோடையில் வறுத்தெடுப்பதிலும் போட்டிதான். சீனர்கள் இரண்டையும் 'அடுப்பு நகரங்கள்' என்பார்கள். ஒற்றுமை அத்தோடு சரி.

வூகான் சமவெளி ஊர். எதிரெதிர்க் கரைகளில் இருந்த வூசாங், ஹான்கோ, ஹான்யாங் என்ற மூன்று ஊர்கள் சேர்ந்ததுதான் அது. வூசாங்கில் அதிகாரிகள், ஹான்கோவில் வியாபாரிகள், ஹான்யாங்கில் இரும்பாலை. 1861இல் ஹான்கோ துறைமுகம் வெளிநாட்டவருக்குத் திறந்தது. ரஷ்யர்கள் தேயிலையைக் கட்டி கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்தார்கள். அதே ரஷ்யக் குடியிருப்பில் 1911 அக்டோபர் 9 அன்று புரட்சிக்காரர்கள் தயாரித்துக்கொண்டிருந்த குண்டு கைதவறி வெடித்தது. உறுப்பினர் பட்டியல் போலீஸ் கையில் சிக்கியது. இனி ஒளிய முடியாது என்று ஆகிவிட, மறுநாள் ஆற்றின் அக்கரையில் வூசாங் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். சில மாதங்களில் சீனாவை ஆண்டுவந்த சிங் பேரரசே முடிந்தது.

அந்த ஆற்றைக் கடக்க 1957 வரை பாலம் கிடையாது. வடக்கிலிருந்து வரும் ரயிலின் பெட்டிகளைக் கழற்றி, படகில் ஏற்றி, அக்கரையில் மறுபடி கோத்தார்கள். சமவெளி என்பதால் வெள்ளமும் தாராளம்: 1931இல் ஹான்கோ தெருக்களில் படகு ஓடியது. 1954இல் ஊரைக் காப்பாற்ற, மேலே ஜிங்ஜியாங் பகுதியில் வெள்ளத்தைக் கிராமங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

சோங்கிங்குக்கு மலைதான் எல்லாம். ஹொங்யாதொங் கட்டடத்தில் கீழ்த் தளமும் தெருவில் திறக்கும், 11ஆம் தளமும் இன்னொரு தெருவில் திறக்கும். லிஸிபா நிலையத்தில் மோனோரயில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. படம் எடுக்க இதைவிட நல்ல ஊர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'உலகிலேயே பெரிய நகரம், 3 கோடிப் பேர்' என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். 1997இல் சிச்சுவானிலிருந்து பிரித்த அந்த நிர்வாகப் பகுதி ஏறக்குறைய ஆஸ்திரியா அளவு. வயல்களும் கிராமங்களும் அதில் சேர்த்தி.

அந்த மலைதான் போர்க்காலத்தில் கைகொடுத்தது. 1938இல் வூகான் ஜப்பானியரிடம் விழுந்தது. சோங்கிங் சீனத் தலைநகரானது. பள்ளத்தாக்குகளைத் தாண்டிப் படை வர முடியவில்லை, விமானங்கள் வந்தன. குளிர்காலத்தில் மூடுபனி காத்தது, கோடையில் குண்டு விழுந்தது. 1941 ஜூன் 5 அன்று பதுங்குசுரங்கம் ஒன்றில் ஏராளமானோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஹான்யாங் இரும்பாலையின் இயந்திரங்களும் ஆற்று வழியே இங்கே வந்து சேர்ந்தன. சோங்கிங்கின் எஃகுத் தொழில் அதில் வளர்ந்தது.

வரலாறு வேண்டும் என்றால் என் ஓட்டு வூகானுக்குத்தான். 2020 கொரோனா முடக்கத்துக்கு முன், நம் ஊர் பத்திரிகைகளில் அதன் பெயர் அடிபட்டது 2018இல் மோடி–ஷி சந்திப்பின்போது. அதன் அடுத்த சுற்றுதான் 2019 மாமல்லபுரம். நில அமைப்புதான் வேண்டும் என்றால் சோங்கிங். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது மூன்று பள்ளத்தாக்கு அணை. அது தேக்கும் நீர் சோங்கிங் வரை எட்டுவதால் பெரிய சரக்குக் கப்பல்கள் அங்கே போகின்றன. வூகானுக்கு அதனால் கிடைத்தது வெள்ள பயம் கொஞ்சம் குறைந்ததுதான்.