கோடக் விற்றதும் ஃபியூஜி வாங்கியதும்

கல்யாண வீட்டுப் போட்டோக்காரரின் தோள்பையில் ஒரு காலத்தில் இரண்டு நிற டப்பாக்கள் கிடக்கும். மஞ்சள் என்றால் கோடக், பச்சை என்றால் ஃபியூஜி. ஃபிலிம் ரோலின் காலம் முடிந்தபோது மஞ்சள் டப்பா நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. பச்சை டப்பா நிறுவனம் இன்றும் நன்றாகவே இருக்கிறது. இருவருக்கும் தொழில் ஒன்று, விழுந்த அடியும் ஒன்று. மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் தலைமை எது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

கோடக் தூங்கிவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1975இல் டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்ததே அங்கு வேலைபார்த்த ஸ்டீவ் சாசன்தான். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்ட கேமரா அது. 1993இல் மோட்டோரோலாவிலிருந்து ஜார்ஜ் ஃபிஷரைத் தலைவராகக் கூட்டிவந்தார்கள். அடுத்து வந்த டேனியல் கார்ப், 2003இல் பங்குதாரர்களின் டிவிடெண்டை வெட்டி அந்தப் பணத்தை டிஜிட்டல் பக்கம் திருப்பினார். 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடக்குக்கு முதலிடம். தூங்கியவர்கள் செய்கிற வேலையா இது?

சிக்கல் லாபத்தில் இருந்தது. ரோல் வாங்கினால் காசு, கழுவினால் காசு, பிரிண்ட் போட்டால் மறுபடி காசு. டிஜிட்டல் கேமராவோ ஒருமுறை விற்றதோடு சரி. அதையும் பத்துக் கம்பெனிகள் விலையைக் குறைத்து விற்றன, அப்புறம் கைப்பேசி வந்து மொத்தத்தையும் விழுங்கியது. 2005இல் தலைவரான அன்டோனியோ பெரெஸ் ஹெச்பியின் பிரிண்டர் தொழிலில் வளர்ந்தவர். வீட்டு உபயோக இங்க்ஜெட் பிரிண்டரில் பணத்தைக் கொட்டினார். தனக்குத் தெரிந்த ஊருக்கே வண்டியை ஓட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். 2012இல் அந்தப் பிரிண்டர் விற்பனையையும் நிறுத்த வேண்டிவந்தது.

ஃபியூஜியின் ஷிகெடகா கொமோரி 1963இலேயே அங்கு வேலைக்குச் சேர்ந்தவர். தலைவரான ஆண்டு 2000. உலக ஃபிலிம் விற்பனை உச்சம் தொட்டதும் அதே ஆண்டுதான், பிறகு சரிவுதான். பத்தே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அவரும் டிஜிட்டல் கேமரா விற்றார், ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. நம் கையில் இருக்கிற வித்தை என்னென்ன, அது வேறு எங்கே செல்லும் என்று பொறியாளர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார்.

அந்தக் கணக்கெடுப்பில் வெளிவந்தவை சுவாரசியமானவை. ஃபிலிமின் அடித்தாளாக இருந்த டிஏசி என்ற பிளாஸ்டிக், எல்சிடி டிவித் திரைக்குள் ஒளியை வடிகட்டும் போலரைசருக்குப் பாதுகாப்புத் தாளாயிற்று. ஃபிலிமில் உள்ள ஜெலட்டின், கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. நம் தோலிலும் கொலாஜன்தான் அதிகம். போட்டோ வெளுப்பதும் தோல் மூப்படைவதும் பெருமளவு ஆக்சிஜனேற்றத்தால். வெளுப்பதைத் தடுக்கப் பல பத்தாண்டுகள் பாடுபட்டவர்கள், 2007இல் அஸ்டாலிஃப்ட் என்று முகக்கிரீம் விற்க இறங்கினார்கள். ஃபிலிம்காரன் கிரீம் விற்பதா என்று சிரித்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். 2008இல் தொயாமா கெமிக்கல் என்ற மருந்து நிறுவனத்தையும் வாங்கினார்கள்.

இங்கேதான் கோடக்கை நினைத்தால் வயிறு எரிகிறது. 1988இலேயே 510 கோடி டாலர் கொடுத்து ஸ்டெர்லிங் என்ற மருந்து நிறுவனத்தை அது வாங்கியிருந்தது. 1994இல் 'போட்டோ தொழிலில் மட்டும் கவனம்' என்று சொல்லி அதைப் பிரித்து விற்றது. கோடக்கின் வேதிப்பொருள் பிரிவான ஈஸ்ட்மன் கெமிக்கலும் அதே ஆண்டு தனிநிறுவனமாகப் பிரிந்துபோனது. 2007இல் எக்ஸ்ரே உள்ளிட்ட மருத்துவப் பிரிவும் கைமாறியது. ஃபியூஜி தேடிப்போன திசைகள் எல்லாம் கோடக்கின் வீட்டுக்குள்ளேயே இருந்தவை.

நியாயமாகச் சொன்னால் ஃபிஷருக்குக் கடன் நெருக்கடி இருந்தது, காலாண்டுக்கு ஒருமுறை லாபம் கேட்கும் பங்குச்சந்தையும் இருந்தது. கொமோரியின் கையில் ரொக்கம் இருந்தது. அவர் மகானும் இல்லை. 2006இல் போட்டோ பிரிவில் 5,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார். 2018இல் ஜெராக்ஸ் நிறுவனத்தைக் கைப்பற்றப் போட்ட ஒப்பந்தமும் முறிந்தது. ஆனாலும் என் ஓட்டு கொமோரிக்குத்தான். கோடக்கின் தலைவர்கள் எங்கே போகவேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தார்கள், எதை எடுத்துக்கொண்டு போவது என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

ஒரு வேடிக்கை. சினிமா எடுக்கும் கலர் ஃபிலிமை ஃபியூஜி 2013இல் கைவிட்டுவிட்டது. கோடக் இன்னும் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் தயாரிக்கிறது. ஃபிலிமில்தான் படம் எடுப்பேன் என்று அடம்பிடிக்கும் இயக்குநர்கள் இன்றைக்கும் மஞ்சள் டப்பாவைத்தான் தேடிப்போகிறார்கள்.